அப்படியே உட்காந்துரும், மச்சான்

டார்ச் பிடிக்கிறவனுக்கு இந்த உலகத்தில் நன்றி என்ற ஒன்று கிடையாது. வருஷக்கணக்காக நெஞ்சில் கிடந்து உறுத்துகிற குறை இது. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டியதுதான். வேலை முடிந்தால் அது ஸ்பேனர் பிடித்தவனின் கெட்டிக்காரத்தனம். வேலை கெட்டால் மட்டும், "வெளிச்சத்த ஒழுங்கா காட்டியிருந்தா..." என்று ஓர் இழுவை. திருகாணி உள்ளே விழுந்ததா? டார்ச் ஆடிவிட்டது. விரல் நசுங்கியதா? டார்ச் கண்ணில் அடித்தது. வெயில் அதிகமா? அதையும் அவன்தான் அடித்துக்கொண்டிருந்தான்.

இப்படி ஊரெல்லாம் அப்பாவிகளை டார்ச் பிடிக்க வைக்கிற மனித வகை ஒன்று உண்டு. 'அப்படியே உட்காந்துரும்' ஆசாமி என்று அதற்குப் பெயர் வைக்கலாம். உங்களுக்குத் தெரியாதவர் இல்லை. லீவு நாள் காலையில், எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நடந்து பாருங்கள்; ஒரு காரின் பானெட் திறந்திருக்கும், அதற்குள் இடுப்புவரை நுழைந்து, கிழிந்த பனியனும் வாயில் கவ்விய இரண்டு திருகாணிகளுமாக, தலை இல்லாத உடம்பு ஒன்று முனகிக்கொண்டிருக்கும். அதுதான். பக்கத்தில் டார்ச்சோடு ஒருவன் நிற்பான். அவனைப் பார்த்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போங்கள். புண்ணியம்.

இந்த ஆசாமி கெட்டவர் இல்லை. கடன் வாங்க மாட்டார், பொய் சொல்ல மாட்டார், அடுத்த வீட்டுச் சண்டையில் மூக்கை நுழைக்க மாட்டார். ஆனால் ஒரு பொருள் பெட்டியில் வந்துவிட்டால் போதும். செய்தவன் ஒரு கணக்குப் போட்டுத்தான் செய்திருப்பான், வாங்கியவன் வைத்தால் அது அதன் இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிடும் என்று சாமியை நம்புவதுபோல் நம்புவார். உட்காராவிட்டால்? குற்றம் பொருளிலும் இல்லை, அவரிடமும் இல்லை. இடத்தில்தான் இருக்கிறது. இடத்தைத் திருத்திவிட்டால் தீர்ந்தது. அதற்குத்தான் சுத்தியல்.

அவர் வீட்டுக்குள் போனால் புரியும். சமையலறைக் குழாயை இடப்பக்கம் திருப்பினால் தண்ணீர் வலப்பக்கம் நிற்கிறவர் மேல் அடிக்கும். பீரோக் கதவை முழங்காலால் ஒரு தூக்குத் தூக்கித்தான் மூட வேண்டும். வாசல் மணியை அழுத்தினால் மணியும் அடிக்கும், குளியலறை விளக்கும் அணையும். விருந்தாளி வந்திருக்கிறார் என்று உள்ளே குளிக்கிறவருக்கும் தெரிந்துவிடுகிறதே, அது வசதிதானே என்பார். என்ன பதில் சொல்வீர்கள்?

அப்படி ஒருவரைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. டார்ச் பிடிக்கிறவர், அவருடைய மனைவிக்கு அண்ணன். சரக்குக் கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்குகிற வேலை, வாரத்துக்கு ஒரு நாள்தான் லீவு. இவர் அவருக்கு மாப்பிள்ளை, அவர் இவருக்கு மச்சான். அப்படியே வைத்துக்கொள்வோம்.

அந்தச் சனிக்கிழமைக் காலை மச்சான் தங்கை வீட்டுக்கு வந்ததே வேறு காரியத்துக்கு. தங்கைக்கு அன்று மாலை நாலு மணிக்கு டிரைவிங் டெஸ்ட். வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடக்கிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் அவள். பஸ்ஸுக்குக் காத்து, நடந்து, மறுபடி பஸ்ஸுக்குக் காத்து, கால் இரண்டும் தேய்ந்து போயிருந்தன. லைசென்ஸ் எடுத்தால் ஊருக்கு வெளியே இருக்கிற பெரிய பொறுப்பைத் தருகிறேன் என்று அவளுடைய மேலதிகாரி சொல்லியிருந்தார்; திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு. இரண்டு தடவை டெஸ்டில் தோற்றவள். இது மூன்றாவது. சொந்த வண்டியிலேயே போய் ஓட்டிக் காட்ட வேண்டும். காலை ட்யூட்டி முடிந்து மதியம் வருவாள், கூட ஒரு ஆள் துணைக்குப் போக வேண்டும், அதற்குத்தான் அண்ணன்.

வாசலில் நின்ற காரின் பானெட் திறந்திருந்தது.

மச்சான் வந்த வழியே இரண்டு எட்டுப் பின்னால் வைத்தார்.

"வா மச்சான், சரியான நேரத்துக்கு வந்த. இந்தா, இதப் பிடி," என்று டார்ச்சை நீட்டினார் மாப்பிள்ளை.

"என்ன மாப்ள இது? சாயங்காலம் டெஸ்ட்டுங்க."

"அதுக்குத்தான் மச்சான்! அவளுக்குத் தெரியாது, சர்ப்ரைஸ். ரெண்டு தடவ ஏன் ஃபெயில் ஆனா? மேட்டுல வண்டி ஏறல. ஏன் ஏறல? மூச்சுத் திணறுது. நமக்கே மூக்கடைச்சா மாடி ஏற முடியுமா?"

தரையில் ஒரு பெட்டி. அதற்குள் பளபளவென்று வளைந்த ஒரு அலுமினியக் குழாய், அன்னாசிப்பழ வடிவத்தில் சிவப்பாக ஒரு ஃபில்டர், ரப்பர் வளையங்கள், இறுக்குகிற பட்டைகள். காருக்குள் காற்று போகிற வழியில் கம்பெனி வைத்த கறுப்பு டப்பாவைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால், இஞ்சின் தாராளமாகக் காற்றை இழுத்து, மேடு பள்ளம் பார்க்காமல் பறக்குமாம். வீடியோவில் ஒருவன் பத்தே நிமிஷத்தில் மாட்டினானாம்.

"பழைய டப்பா எங்க மாப்ள?"

"மாடி வீட்டு டீச்சரம்மா செடி வைக்க ஏதாவது டப்பா இருக்கான்னு கேட்டாங்க. காலையிலேயே குடுத்துட்டேன்."

"இத மாட்டிப் பாக்காமலேயா?"

மாப்பிள்ளை சிரித்தார். பரிதாபப்பட்டுச் சிரிக்கிற சிரிப்பு. "பழசு பக்கத்துல கிடந்தா மனசு அதுகிட்டயே போகும் மச்சான். அப்புறம் புதுசு எப்படி உட்காரும்?"

கவனித்தீர்களா? மற்றவர்கள் புதுச் செருப்பைப் போட்டு நாலு எட்டு நடந்து பார்த்துவிட்டுத்தான் பழசை வீசுவார்கள். இந்த வகை ஆசாமி பழசை வீசிவிட்டுத்தான் புதுச் செருப்புப் பெட்டியையே திறப்பார். அதற்குள் இரண்டும் இடது காலாக இருந்தாலும், கால்தான் பழகிக்கொள்ள வேண்டும்.

பெட்டிக்குள் இருந்த வழிமுறைத் தாளை எடுத்துத் திருகாணிகளுக்கு அடியில் விரித்தார் மாப்பிள்ளை. அதற்கு அவர் கண்ட உபயோகம் அவ்வளவுதான். பிறகு குழாயைத் தூக்கி உள்ளே வைத்தார். அது நேராகப் போய்ப் பேட்டரியின் மண்டையில் முட்டியது.

"கொஞ்சம் மேல காட்டு மச்சான். மேலன்னா அந்த மேல இல்ல, கீழ."

மச்சான் காட்டினார்.

"ம்ம். பேட்டரி கொஞ்சம் வெளிய வந்திருக்கு."

பேட்டரி, அது பிறந்த நாளிலிருந்து இருக்கிற இடத்தில்தான் இருந்தது. மாப்பிள்ளை அதன் பிடியைத் தளர்த்தி, ஒரு விரல் தூரம் நகர்த்தினார். குழாய் இப்போது பேட்டரியை விட்டுவிட்டுப் பிரேக் எண்ணெய்ப் புட்டியில் முட்டியது. புட்டியை நகர்த்த முடியாது. ஆகவே குழாயைத் திருப்பினார். குழாய் திரும்பியது, அதன் வாய் வானத்தைப் பார்த்தது. ரப்பர் வளையத்தை மாட்டினால் ஒரு முனை போகும், மறுமுனை வெளியே வரும். அதை உள்ளே தள்ளினால் இது வெளியே வரும். மாமியாரையும் மருமகளையும் ஒரே அறையில் உட்காரவைக்கிற மாதிரி. சோப்புத் தண்ணீர் தடவினார். வழுக்கியது ரப்பர் இல்லை, மாப்பிள்ளையின் கை. விரல் முட்டி கிழிந்தது.

"கண்ணுல அடிக்காத மச்சான்னு எத்தன தடவ சொல்றது!"

பார்த்தீர்களா? வந்துவிட்டது.

அப்புறம் சென்சார். எவ்வளவு காற்று வருகிறது என்று இஞ்சினுக்குச் சொல்கிற சின்னப் பொருள் அது. புதுக் குழாயில் அதற்கு ஒரு ஜன்னல் வெட்டியிருந்தார்கள். சென்சாருக்கு இரண்டு திருகாணி ஓட்டை, குழாயிலும் இரண்டு ஓட்டை, ஆனால் முதலாவது சேர்ந்தால் இரண்டாவது சேராது. ஒன்றை முடுக்கி, மற்றதற்கு டேப் சுற்றினார். அதற்குமேல் இஞ்சினிலிருந்து வருகிற விரல் தடிமன் ரப்பர்க் குழல் ஒன்று, மாட்ட இடமில்லாமல், கல்யாண வீட்டில் யாரும் வா என்று சொல்லாத சொந்தக்காரன்போல் நடுவில் நின்றுகொண்டிருந்தது.

"மாப்ள, இது எங்க போகணும்?"

"அதுவா? அது எக்ஸ்ட்ரா. கம்பெனிக்காரன் சும்மா வச்சிருப்பான்."

இந்த ஒரு வாக்கியத்தை மனசில் குறித்துக்கொள்ளுங்கள். எங்காவது ஒருவர் கையில் மிஞ்சிய பொருளை உருட்டிக்கொண்டே 'கம்பெனிக்காரன் சும்மா வச்சிருப்பான்' என்றால், நீங்கள் நிற்பது அந்த இனத்தின் முன்னால். உடனே வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். மச்சானால் கிளம்ப முடியவில்லை. டார்ச் கையில் இருந்தது.

மதியம் ஆயிற்று. எப்படியோ எல்லாம் உள்ளே போய்விட்டது. போனது என்றால், பெரிய குடும்பம் சின்ன ஆட்டோவில் போகுமே, அந்த மாதிரி. மாப்பிள்ளை பெருமையோடு பானெட்டை இறக்கினார். அது பாதி வழியில் சிவப்பு ஃபில்டரின் தலையில் உட்கார்ந்து, அதற்கு மேல் இறங்க மாட்டேன் என்றது.

"லேசா ஒரு தட்டு."

தட்டினார். மச்சானின் விரல் அங்கே இருந்தது.

தங்கை புருஷன் என்பதால் மச்சான் எப்போதும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அன்று தவறியது. "யோவ்! எட்ட போய்யா!" என்ற சத்தத்தில் எதிர் வீட்டு நாய் குரைப்பதை நிறுத்திவிட்டது.

அந்த நேரத்தில்தான் தங்கை தெருமுனையில் வந்தாள். நர்ஸ் உடை, தோளில் பை, கையில் டெஸ்டுக்கான காகிதங்கள். அண்ணன் விரலை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறார். புருஷன் பானெட்டைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருக்கிறார்.

அவள் நிதானமாகக் காகிதங்களைப் பைக்குள் வைத்தாள். அதுதான் பயமாக இருந்தது.

"சர்ப்ரைஸ்," என்றார் மாப்பிள்ளை. குரல் கொஞ்சம் சிறுத்திருந்தது.

"ஸ்டார்ட் பண்ணுங்க."

பண்ணினார். இஞ்சின் எழுந்தது, பெருமூச்சு விட்டது, குளிர் ஜுரம் வந்தவன்போல் நடுங்கியது, தும்மியது, நின்றது. மறுபடி பண்ணினார். மறுபடி அதே. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு ஒன்று கண்ணைத் திறந்து எல்லோரையும் பார்த்தது.

"அந்த விளக்கு எரிஞ்சா டெஸ்ட்டுக்கே விட மாட்டாங்கங்க. வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க," என்றாள் தங்கை. கத்தவில்லை. நோயாளிக்குக் காய்ச்சல் பார்த்துச் சொல்கிற குரல். பெட்டியைத் தூக்கி மேலே இருந்த படத்தைப் பார்த்தாள். "இந்தப் படத்துல பேட்டரி அந்தப் பக்கம் இருக்கு. ஸ்டீயரிங்கும் அந்தப் பக்கம். நம்ம வண்டி மாதிரிதான், ஆனா இடம் வலம் மாறின வண்டிக்குச் செஞ்சது இது."

எட்டிப் பார்த்தார் மாப்பிள்ளை. நாமாக இருந்தால் அந்த இடத்தில் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இவர் இன ஆசாமிகள் அவ்வளவு சீக்கிரம் உட்கார மாட்டார்கள்.

"அது... படத்தக் கண்ணாடியில தெரியற மாதிரி திருப்பி அச்சடிச்சிருப்பான்."

"எழுத்து மட்டும் நேரா இருக்கே?"

மாப்பிள்ளை அந்தப் படத்தைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"பழைய டப்பா எங்க?"

இந்தக் கேள்விக்கு மாப்பிள்ளை மச்சானைப் பார்த்தார். மச்சான் மாடியைப் பார்த்தார்.

மூவரும் படியேறினார்கள். மாடி வீட்டு டீச்சரம்மா, பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றும் குரல் ஓய்வு பெறாதவர், கறுப்பு டப்பாவைப் பால்கனியின் நல்ல வெயிலில் வைத்திருந்தார். டப்பா நிறைய மண். நடுவில் ஒரு ரோஜாப் பதியன். தண்ணீரும் விட்டாயிற்று.

"வாங்க வாங்க! என்ன டப்பா தம்பி இது! அடியில ஓட்டை, பக்கத்துல மூடறதுக்குக் கிளிப்பு, தண்ணி வடியறதுக்குன்னே செஞ்ச மாதிரி. செடி அப்படியே உட்கார்ந்திடுச்சு!"

காலையிலிருந்து அந்த வீட்டில் அப்படியே உட்கார்ந்தது அது ஒன்றுதான். மச்சானுக்குச் சிரிப்பு வந்தது. விரல் வலித்ததால் வெளியே வரவில்லை.

தங்கை நடந்ததைச் சொன்னாள். டீச்சரம்மா டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டார். "பதியன இன்னிக்கு வச்சு இன்னிக்கே பிடுங்கக் கூடாதும்மா. வேர் பயந்துரும்."

"வேற நல்லதாத் தரேன்ம்மா."

தங்கை இறங்கிப் போனாள். கீழே இரும்புப் பெட்டி ஒன்று கவிழ்க்கப்பட்டு, ஸ்பேனர்களும் திருப்புளிகளும் தெருவில் உருளுகிற சத்தம் மேலே கேட்டது. மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். அது அவருடைய டூல்ஸ் பெட்டி. மூன்று தட்டு, சிவப்புப் பெயின்ட், யாரையும் தொட விடாமல் துடைத்துத் துடைத்து வைத்திருந்தது. அதைத்தான் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். டீச்சரம்மாவுக்கு முகம் மலர்ந்தது. மண்ணோடு, வேரோடு, அலுங்காமல் ரோஜா அதற்கு மாறியது.

"இதுல இன்னும் நல்லா இருக்கும்மா. மூடிகூட இருக்கு."

அதற்கப்புறம் நடந்ததைப் பார்க்க எதிர் வீட்டு நாய்கூட வாசலுக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை குழாயடியில் டப்பாவைக் கழுவினார். மச்சான் பழைய துணியால் மூலை முடுக்கெல்லாம் துடைத்தார். தங்கை முடி காய வைக்கிற மிஷினைப் போட்டு, ஈரக் குழந்தையைத் துவட்டுகிற மாதிரி டப்பாவைத் திருப்பித் திருப்பிக் காய வைத்தாள். மண் பட்டு உருப்படாமல் போன பழைய ஃபில்டரை வீசிவிட்டு, மச்சான் ஓடிப்போய்க் கடைத்தெருவில் அதே மாதிரி புதிதாக ஒன்று வாங்கிவந்தார். டப்பாவை அதன் இடத்தில் வைத்தார்கள்.

டக்.

அவ்வளவுதான் சத்தம். சென்சார் தன் பழைய வீட்டுக்குப் போனது. நடுவில் நின்ற ரப்பர்க் குழலுக்கும் இடம் கிடைத்தது. கம்பெனிக்காரன் சும்மா வைக்கவில்லை. பானெட் மூடியது. பேட்டரி கம்பியைக் கழற்றி மாட்டியதும் மஞ்சள் விளக்கும் கண்ணை மூடிக்கொண்டது. உடை மாற்ற நேரமில்லாமல், நர்ஸ் உடையிலேயே ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தாள் தங்கை. பின் ஸீட்டில் இரண்டு ஆண்பிள்ளைகள், கிரீஸ் கையை மடியில் வைத்துக்கொண்டு, வாத்தியார் அறைக்குக் கூப்பிட்ட பையன்கள் மாதிரி.

டெஸ்ட் மைதானத்தின் வெளியே சிமென்ட் பெஞ்சில் அவர்கள் உட்கார, உள்ளே வண்டி வளைந்தது, பின்னால் போனது, இரண்டு கம்பங்களுக்கு நடுவில் உரசாமல் நுழைந்தது. மிச்சம் இருந்தது மேடு. இரண்டு தடவை அவளைத் தோற்கடித்த மேடு. பாதியில் நிறுத்த வேண்டும், பிறகு பின்னால் உருளாமல் ஏற வேண்டும். நிறுத்தினாள். இஞ்சின் ஒரு தடவை இருமியது. மச்சான் மாப்பிள்ளையின் தொடையைப் பிடித்தார். நசுங்கின விரலால் பிடித்தார் என்பது அப்புறம்தான் உறைத்தது. வண்டி ஒரு நூல் பின்னால் போகிற மாதிரி இருந்தது. போகவில்லை. ஏறியது. உச்சிக்குப் போய் அந்தப் பக்கம் இறங்கியது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: "என்னம்மா, வண்டிக்குள்ள மண் வாசன அடிக்குது? உங்க பக்கம் மழையா?"

"இன்னும் இல்ல சார். வீட்டுக்குப் போனதும் இருக்கு."

பாஸ்.

வீட்டுக்குத் திரும்பும்போது மழை வரும் என்று மச்சான் காத்திருந்தார். வரவில்லை. அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். இந்த இனத்துக்கு அது முடியுமா?

"பாத்தியா மச்சான், மேட்டுல எப்படி ஏறிச்சு? ஏன் தெரியுமா? டப்பாவக் கழுவி, புது ஃபில்டர் போட்டு மாட்டினோம்ல. இப்ப வண்டி ஃப்ரீயா மூச்சு விடுது. நான் அத அப்பவே சொன்னேன்."

தங்கை வண்டியை நிறுத்தினாள். இறங்கினாள். சாவியை எடுத்துத் தன் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். "இனிமே இது என் ட்யூட்டி வண்டி. பானெட்ட யார் தொட்டாலும் அந்தக் கைக்கு நானே கட்டுப் போடற மாதிரி ஆயிடும்." சொல்லிவிட்டு உள்ளே போனாள். உள்ளே போகும்போது பீரோக் கதவை முழங்காலால் தூக்குகிற சத்தம் கேட்டது. ஏதோ பாட்டும் கேட்டது.

மச்சான் பார்த்துக்கொண்டிருக்க, மாப்பிள்ளை தெருவில் நின்றார். வண்டி இல்லை, டூல்ஸ் பெட்டியில் ரோஜா. கையில் அந்தப் பளபளக்கும் குழாய் மட்டும். அதைத் துணியால் துடைத்தார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அப்புறம் மெல்ல அவர் கண் எதிர் ஓரத்தில் நின்ற மச்சானின் பழைய வேன் பக்கம் திரும்பியது.

"மச்சான், உன் வண்டியில பேட்டரி அந்தப் பக்கம்தான?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கலாமா? உங்கள் வீட்டில் ஓர் இழுப்பறை இருக்கிறதா, எதிலிருந்து மிஞ்சியது என்று தெரியாத திருகாணிகளும் கொக்கிகளும் போட்டு வைத்தது, 'என்னிக்காவது எதுக்காவது ஆகும்' என்று வீச மனம் வராதது? முழங்காலால் தூக்கி மூடுகிற கதவு ஒன்றாவது? இருக்கிறதென்றால், பக்கத்தில் டார்ச்சோடு நிற்கிற ஜீவனை ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். அவர் முகத்தில் ஏதாவது எழுதியிருக்கும்.

மச்சானும் 'இந்தப் பேச்சே வேணாம்ங்க' என்று சத்தியமாகத்தான் சொன்னார். மரியாதை திரும்பி வந்துவிட்டதைக் கவனியுங்கள். பிறகு, சும்மா, விரல் வலிக்குக் காற்று வாங்குகிற மாதிரி, எதிர் ஓரத்துக்குப் போனார். வேனின் பானெட்டைத் திறந்தார். பார்ப்பதில் என்ன தப்பு? பேட்டரி அந்தப் பக்கம்தான் இருந்தது. இந்தப் பக்கம் ஒரு இடைவெளி. குழாயின் வளைவுக்கு... இருக்கும் போலத்தான் தெரிந்தது.

முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. தோளுக்கு மேலாக ஒரு வெளிச்சம் வந்து, ஆடாமல் அசையாமல், சரியாக அந்த இடைவெளியில் விழுந்தது.

"சும்மா வச்சு மட்டும் பாரு மச்சான். டார்ச்ச நான் பிடிக்கிறேன்."